பூவா, இலையா? வாசல் தோட்டத்துக்கு எந்தச் செடி

நர்சரியில் அன்று பூத்திருக்கும் செடிக்குத்தான் பெரும்பாலோரின் கை நீளுகிறது. அந்தச் செடி நிழல்வலையின் கீழ், தவறாத தண்ணீரிலும் உரத்திலும் பூத்தது. நம் வாசலில் இருப்பதோ பகல் முழுவதும் கொளுத்தும் வெயில், அல்லது எதிர்வீட்டு மாடியின் நிழல். ஆகவே பூச்செடிகளையும் இலையழகுச் செடிகளையும் நிறத்தை வைத்து அல்லாமல், வெயிலையும் தண்ணீரையும் வைத்தே ஒப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நான் பேசுவது தமிழ்நாட்டுச் சமவெளிக்கு, அதிலும் போர்வெல் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளுக்கு. உதகை, கொடைக்கானல் கணக்கு வேறு.

ஐந்தாறு மணி நேரம் நேர்வெயில் விழும் இடமென்றால் போட்டி காகிதப்பூ, செம்பருத்தி, இட்லிப்பூ ஆகிய மூன்றுக்கும் இடையில்தான்.

காகிதப்பூ தென் அமெரிக்காவின் செடி. 1766இல் உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில்லின் பெயரைத் தாங்கியே அது போகன்வில்லா ஆயிற்று. பூ என்று நாம் ரசிக்கும் அந்த வண்ண மடல்கள் உண்மையில் இலையின் மாற்றுருவமான பூவடிச் செதில்கள். நடுவில் ஒளிந்திருக்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. நிறம் வாரக்கணக்கில் மங்காமல் நிற்பதன் காரணமும் இதுவே. இந்தச் செடிக்குத் தேவை பட்டினி. தண்ணீரைக் குறைத்து, இலை லேசாகத் துவளும்வரை காயவிட்டால் கொத்துக்கொத்தாகப் பூக்கும். அன்போடு தினமும் தண்ணீர் ஊற்றித் தழைச்சத்தும் கொடுத்தால் இலையாகவே தழைக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் மொட்டைமாடிச் சுவரோரம் இதற்கு இணை எதுவும் இல்லை. முள் உண்டு என்பதால் பிள்ளைகள் ஓடிவரும் கேட்டின் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

செம்பருத்தி இதற்கு நேர் எதிர். ஒரு பூவின் ஆயுள் பெரும்பாலும் ஒரே நாள். ஆனால் மறுநாள் காலையில் வேறொன்று விரிந்திருக்கும். சாமிக்குத் தினமும் பூ வேண்டும் என்கிற வீட்டில் காகிதப்பூவை வைத்து என்ன செய்வது? அங்கே செம்பருத்திதான். விலை என்னவென்றால், சீரான தண்ணீரும் தொடர்ந்த கவனிப்பும். இரண்டு நாள் மண் காய்ந்தால் மொட்டு உதிரும். மாவுப்பூச்சிக்கும் இது மிகவும் பிடித்த செடி. 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தியையும் விட்டுவைக்கவில்லை. 2010இல் அந்தப் பூச்சியை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளை வெளிநாட்டிலிருந்து தருவித்து விட்ட பிறகே அது அடங்கியது. அந்தச் சிறு குளவிகளைக் கொல்லும் கடும் மருந்துகளை வீட்டுத் தோட்டத்தில் தெளிக்கலாகாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். கிளைநுனியில் வெள்ளையாகப் படிந்ததும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளித்தால் போதும். பெரிய அடுக்குப் பூ தரும் கலப்பின வகைகள் கண்ணைப் பறிக்கும். ஆனாலும் உழைப்பில் சிவப்பு ஒற்றை அடுக்கு நாட்டுச் செம்பருத்தியை அவை நெருங்க முடியாது.

இட்லிப்பூ நம் மண்ணின் செடி. ஆநிரை கவரச் சென்ற வீரர் சூடிய வெட்சி இதுதான் என்பர். குள்ள வகையை வரிசையாக வைத்தால் வேலிக்கு வேலி, பூவுக்குப் பூ. இவ்வளவு சொல்லிவிட்டும் போர்வெல் வீடுகளுக்கு இதை முதலில் பரிந்துரைக்க என் மனம் ஒப்பவில்லை. இது சற்றே புளிப்புத் தன்மையுள்ள மண்ணை விரும்பும். பக்கெட்டின் உட்புறத்தில் வெள்ளையாக உப்புப் படிய வைக்கும் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றினால் மண் காரமாகி, அதில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இளம் இலை மஞ்சளாக வெளுத்துவிடும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட்டை, எலுமிச்சைச் சாறு சில துளிகளோடு கரைத்து இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். ஆனால் அதே தண்ணீரை ஊற்றும்வரை நோயும் திரும்பத் திரும்ப வரும். மழைநீர் சேமிப்பவர்களும் செம்மண் நிலக்காரர்களும் தயங்காமல் வைக்கலாம்.

இனி இலைப் பக்கம். குரோட்டன்ஸை 'வெறும் இலை' என்று ஒதுக்குபவர்களோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு. பூச்செடி ஓய்வெடுக்கும் மாதங்களிலும் வாசலுக்கு நிறம் தருவது இதுதானே. மஞ்சள், செம்பு, கருஞ்சிவப்பு என்று ஒரே செடியில் பல நிறம் காட்டும். காலை வெயில் பட்டு, மதியம் நிழல் விழும் கிழக்கு வாசல் இதற்கு மிகப் பொருத்தம். முழு நிழலில் வைத்தால் நிறம் மங்கிப் பச்சையாகிவிடும். இடம் மாற்றினால் பாதி இலையைக் கொட்டும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள்; தண்டை நகத்தால் கீறிப் பார்த்துப் பச்சை தெரிந்தால் காத்திருங்கள், துளிர்க்கும். கோடையில் இலையின் அடியில் சிலந்திப்பேன் வரும். வாரம் ஒருமுறை அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சினால் கட்டுப்படும்.

வெயிலே எட்டாத போர்டிகோவில் பூச்செடிக்கு வழியில்லை. அங்கே அக்லோனீமாவும் பாம்புச் செடியும்தான். பாம்புச் செடிக்கு வாரம் ஒரு தண்ணீரே தாராளம். அக்லோனீமா அழகில் மேல். தண்ணீர் தேங்கினால் அதன் தண்டு அழுகிவிடும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அக்லோனீமா, அதே போன்ற இலைச்செடியான டிஃபன்பாக்கியா இரண்டையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். இலையைக் கடித்தால் அதிலுள்ள ஊசிபோன்ற ஆக்சலேட் படிகங்கள் வாயைக் குத்தி வீங்க வைக்கும்.

அரைநிழல், ஆனாலும் பூ வேண்டும் என்பவர்களுக்கு நந்தியாவட்டை. வெள்ளைப் பூ, பளபளக்கும் கரும்பச்சை இலை. பூக்காத நாளிலும் செடி அழகாக நிற்கும்.

தானே பரவும், பராமரிப்பே வேண்டாம் என்று சொல்லி விற்கப்படும் எதையும் வாங்க மாட்டேன். உண்ணிச்செடி அப்படி அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டதுதான். இன்று முதுமலைக் காட்டில் மான் மேயும் புல்லை அது நெருக்கிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் பூவோடு தரையில் படரும் வெடேலியாவும் அதே வழியில் போகிற செடி.

எதை வாங்கினாலும் வேர்மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஆந்திராவின் கோதாவரிக் கரையில் உள்ள கடியம் நர்சரிகள் போன்ற இடங்களிலிருந்து வரும் செடிகள் பலவற்றில் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை இருக்கும். அதை அப்படியே குழியில் இறக்கினால் உருண்டை காய்ந்து இறுகி, ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்துபோகும். வாளித் தண்ணீரில் சற்று ஊறவிட்டு, வெளிப்புறக் களிமண்ணை வேர் அறாமல் விரலால் தளர்த்திவிட்டு நடுங்கள். முதல் இரண்டு வாரம் நிழலில் வைத்துப் பழக்க வேண்டும் என்பதால், அதுவரை செடி தொட்டியிலேயே இருக்கட்டும்.