கல்லுக்கு எண்ணெய் வேறு, தோசைக்கு எண்ணெய் வேறு

அடுப்பில் தினமும் புழங்கும் பாத்திரங்களில் எண்ணெய் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பல வருடமாகக் கவனித்து வருகிறேன். எங்கள் வீட்டில் தோசைக்கு ஒரு வார்ப்பிரும்புக் கல், சப்பாத்திக்குத் தனியாக ஒரு இரும்புத் தவா, முட்டைக்கு நான்ஸ்டிக், பொரியலுக்கு அடி கனமான எவர்சில்வர் வாணலி, ஒரு குழிப்பணியாரக் கல். கேக், பன், பிஸ்கட்டுக்கு ஓடிஜி என்ற சின்ன மின்சார அடுப்பும் சில அலுமினிய டின்களும். எல்லாம் கைபட்டுப் பழகியவை. வாங்கிய வாரத்தில் பளபளப்பைப் பார்த்து எழுதும் விமர்சனம் இல்லை இது.

சொல்ல வருவது ஒன்றுதான். சட்டியில் நாம் விடும் எண்ணெய்க்கு இரண்டு வேலை இருக்கிறது. பாத்திரத்தின் மேல் படிந்து, உணவு ஒட்டாமல் காப்பது ஒன்று. உணவுக்குச் சூட்டைக் கடத்தி மொறுமொறுப்பும் மணமும் கொடுப்பது இன்னொன்று. முதல் வேலைக்குத் துளி எண்ணெய் போதும். ஆனால் அது பாத்திரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய நேரத்தில் சேர்ந்திருக்க வேண்டும். "எவ்வளவு எண்ணெய் விட்டாலும் ஒட்டுது" என்று அலுத்துக்கொள்ளும் வீடுகளில் போய்ப் பார்த்தால், கல்லுக்குக் கொடுக்காத எண்ணெயைத்தான் தோசைக்கு மேல் ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.

வார்ப்பிரும்புக் கல்லிலிருந்து ஆரம்பிக்கிறேன். புதுக் கல்லைப் பழக்குவதற்கு நம் வீடுகளில் ஒரு முறை உண்டு. கழுவி, வடிகஞ்சியில் சில நாள் ஊறப்போட்டு, தேய்த்து, துடைத்து, நல்லெண்ணெய் தடவி வைத்து, மறுநாள் மறுபடி. கஞ்சி மேலே இருக்கும் துருவையும் பட்டறைப் பூச்சையும் தளர்த்துகிறது. கல்லை உண்மையில் பழக்குவது எண்ணெயும் சூடும்தான். நிறைவுறாக் கொழுப்பு அதிகமுள்ள எண்ணெயை மெல்லிசாகத் தடவிப் புகை வரும்வரை சூடாக்கினால், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியான கருப்புப் படலமாகிவிடும். அதற்குப் பிறகு அது எண்ணெயே இல்லை, வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு. சோப்பு லேசாகப் பட்டாலும் போகாது.

இதற்கு எந்த எண்ணெய் என்பதில் ஆளுக்கொரு கருத்து. எண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பு எவ்வளவு என்று காட்ட அயோடின் மதிப்பு என்று ஓர் அளவு உண்டு. அது கூடக்கூட, எண்ணெய் காய்ந்து படலமாகும் குணமும் கூடும். தேங்காயெண்ணெய்க்கு அது 10-க்குள்ளேயே நிற்கும். கடலையெண்ணெய்க்கு 85 முதல் 99 வரை. நல்லெண்ணெய் 100-ஐத் தாண்டும். கிரிக்கெட் மட்டைக்குப் பூசுகிறார்களே, அந்த ஆளிவிதை எண்ணெய்க்கு 170-க்கு மேல். இதை வைத்துத்தான் ஆளிவிதை எண்ணெயே சிறந்தது என்று பலர் சொல்கிறார்கள். என் கல்லில் அது பார்க்க அழகாக, கண்ணாடிபோல் படிந்தது. ஆனால் கரண்டி உரசும் இடத்தில் சில மாதங்களில் செதில் செதிலாக உரிய ஆரம்பித்தது. ரொம்பக் கெட்டியான படலம் வளைந்துகொடுக்காது, உடையும். நல்லெண்ணெய் போட்டு மெதுவாக ஏற்றிய படலம்தான் இன்றுவரை நிற்கிறது. நம் பாட்டிகள் கையில் எடுத்ததும் அதுதான். தேங்காயெண்ணெய் சமையலுக்கு அருமையானது, கல்லைப் பழக்க அதை நம்ப வேண்டாம்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தடவிய எண்ணெயைத் துடைத்து எடுத்துவிட வேண்டும், "எல்லாம் போய்விட்டதோ" என்று தோன்றும் அளவுக்கு. மிச்சம் இருப்பதே போதும். தடிமனாக விட்டால் அது கெட்டியாகாமல் பிசுபிசுப்பாக நிற்கும், அதில் தூசி ஒட்டும், அடுத்த தோசையும் ஒட்டும்.

இனி காலைத் தோசை. கல் காய்ந்ததும் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன். சுர்ரென்று ஆவியாகிக் கல்லின் சூடு இறங்கும். முள்கரண்டியில் குத்திய அரை வெங்காயத்தை நல்லெண்ணெயில் தொட்டு, கல் முழுக்க ஒரு சுற்றுத் தேய்க்கிறேன். இது கல்லுக்கான எண்ணெய். பளபளவென்று தெரிந்தால் அதிகம். மங்கலாக, ஈரம் பட்ட மாதிரி இருந்தால் சரி. அதிகமானால் என்ன ஆகும் என்பது தோசை சுடும் எல்லோருக்கும் தெரியும். கரண்டியைச் சுழற்றும்போது மாவு கல்லைப் பிடிக்காமல் கரண்டியோடு வழுக்கி வரும், நடுவில் பள்ளம் விழும். மாவு முதல் நொடியில் கல்லைப் பற்ற வேண்டும், அப்புறம்தான் விட வேண்டும்.

மாவை இழுத்து, மேலே ஈரம் மங்கி, சின்னச் சின்னக் கண் திறந்த பிறகு, அரை டீஸ்பூன் எண்ணெயை ஓரத்தைச் சுற்றி விடுகிறேன். இது தோசைக்கான எண்ணெய். ஓரம் வழியாக அடியில் நுழைந்து, கல்லுக்கும் தோசைக்கும் நடுவில் இருக்கும் சின்ன இடைவெளிகளை நிரப்புகிறது. அந்த இடைவெளியில் காற்று இருந்தால் அங்கே சூடு சரியாக ஏறாது, வெளிறிப்போய் நிற்கும். எண்ணெய் புகுந்த இடமெல்லாம் ஒரே சீராகச் சிவக்கும். ஹோட்டல் தோசையின் நிறம் வீட்டில் வராததற்குப் பாதிக் காரணம் இந்த எண்ணெய் தப்பான நேரத்தில் விழுவது. மாவு ஈரமாக இருக்கும்போதே ஊற்றினால் மேலேயே தங்கி, தோசை எண்ணெய் குடித்துச் சொதசொதவென்று ஆகும்.

"தோசைக்கல்லுல சப்பாத்தி போடாதம்மா, கல்லு கெட்டுப் போயிரும்" என்று அத்தை சொல்வார். அது வெறும் பழக்கம் இல்லை. சுக்கா ரொட்டி போடும்போது எண்ணெய் இல்லாமல் கல் நெடுநேரம் கொதிக்கிறது, பழகிய படலம் கருகிப்போகிறது. மறுநாள் தோசை ஒட்டும். அதனால்தான் எங்கள் வீட்டில் இரண்டு கல். அதே காரணத்துக்காக இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு இரண்டையும் நான் வைப்பதில்லை. புளிப்பு அந்தப் படலத்தை அரித்துவிடும், குழம்பிலும் இரும்பு வாடை இறங்கும். கழுவும் விஷயத்தில் பயப்பட ஒன்றும் இல்லை. சூடாக இருக்கும்போதே வெந்நீர் ஊற்றித் தேய்த்து, உடனே அடுப்பில் வைத்து ஈரத்தைப் போக்கி, ஒரு துளி எண்ணெய் தடவி எடுத்துவைத்தால் போதும்.

எவர்சில்வர் வாணலியில் கதை வேறு. அதில் படலம் ஏற்றிவைப்பது வழக்கமில்லை. ஒவ்வொரு முறையும் சூட்டை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். வெறும் வாணலியை மிதமான தீயில் வைத்து, தண்ணீரை ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறேன். சூடு போதாவிட்டால் கொதித்துக் காணாமல் போகும். போதுமானால் உருண்டைமணியாகத் திரண்டு வாணலி முழுக்க ஓடும். அடியில் உண்டாகும் நீராவி சொட்டைத் தூக்கிப் பிடிப்பதால் வரும் ஓட்டம் அது. 1756-இல் இதைப் பற்றி எழுதிய ஜெர்மன் மருத்துவர் லைடன்ஃப்ராஸ்டின் பெயரால் இன்றும் சொல்கிறார்கள். அது நடக்கும்போது வாணலி ஏறக்குறைய 200 டிகிரியில் இருக்கும். அப்போது தீயைக் குறைத்து, எண்ணெய் விட்டு, அது நெளிநெளியாக ஓடியதும் உருளைக்கிழங்கைப் போட்டால் ஒட்டாது. போட்டதும் கிளறக் கூடாது. அடி சிவந்ததும் தானாக விட்டுக்கொடுக்கும். பனீருக்கும் மீன் துண்டுக்கும்கூட இந்தப் பொறுமைதான் வேண்டும்.

நான்ஸ்டிக்கில் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும், இதில் பலர் தவறுவதைப் பார்க்கிறேன். வெறும் நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் காயவிடவே கூடாது. அந்தப் பூச்சு 260 டிகிரியைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். பெரிய தீயில் வெறும் தவா சில நிமிடங்களில் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். அந்தப் புகையில் வீட்டில் வளர்க்கும் பறவைகள் செத்துப்போகும், மனிதர்களுக்கும் நல்லதில்லை. எண்ணெயைக் குளிர்ந்த தவாவிலேயே விட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைப்பதுதான் பாதுகாப்பு. எண்ணெய் புகைய ஆரம்பித்தால் அது ஓர் எச்சரிக்கை.

"நான்ஸ்டிக் வாங்குவதே எண்ணெய் இல்லாமல் சமைக்கத்தானே" என்று கேட்பார்கள். துளியாவது விடுங்கள் என்பதே என் அனுபவம். எண்ணெய் இல்லாமல் போட்ட முட்டை ஒட்டாது, உண்மை. ஆனால் அடி ரப்பர் மாதிரி ஆகிவிடும், ஓரம் மொறுகாது. டப்பாவில் வரும் ஸ்ப்ரே எண்ணெயை மட்டும் இதில் அடிக்க வேண்டாம். அதில் கலந்திருக்கும் லெசிதின் என்ற கொழுப்புப் பொருள் சூட்டில் பழுப்பு நிறப் பிசினாகப் படியும். தேய்த்தால் போகாது, அழுத்தித் தேய்த்தால் பூச்சும் சேர்ந்து போகும். எதுவும் ஒட்டாத ஒரு பொருளை அலுமினியத்தில் ஒட்டவைக்க 1950-களில் மார்க் கிரெகுவார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் பெரும்பாடு பட்டிருக்கிறார். அந்தப் பிடிப்பை நாம் கம்பி நார் போட்டுச் சுரண்டக் கூடாது. பூச்சு உரிந்த தவாவை எண்ணெய் ஊற்றிக் காப்பாற்ற முடியாது, மாற்றிவிட வேண்டியதுதான்.

சமையலுக்கு எந்த எண்ணெய் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செக்கு எண்ணெயில் மணம் இருக்கும், ஆனால் சீக்கிரம் புகையும். செக்குத் தேங்காயெண்ணெய் 175 டிகிரியை ஒட்டிப் புகைய ஆரம்பிக்கும். சுத்திகரித்த கடலையெண்ணெயும் சூரியகாந்தியும் 230 வரை தாங்கும், நெய் அதற்கும் மேல். தாளிப்புக்கும் தோசை ஓரத்துக்கும் கருப்பட்டி சேர்த்து ஆட்டிய நல்லெண்ணெய். வடை, பஜ்ஜிக்குக் கடலையெண்ணெய். பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுவது எங்கள் வீட்டில் கிடையாது. கடைகளுக்கே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ வரம்பு வைத்திருக்கிறது. எண்ணெய் காய்ந்து காய்ந்து சிதையும்போது உண்டாகும் மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் விதி. அதை அளக்கும் கருவி வீட்டில் இல்லை. நுரை அடங்காமல் நிற்பதும், எண்ணெய் கெட்டிப்படுவதும், கசந்த வாடையும் போதும், கொட்டிவிடலாம்.

இனி அடுமனை வேலை. இங்கே எண்ணெயின் குணமே மாறுகிறது, எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான். அலுமினிய கேக் டின்னில் எண்ணெயை மட்டும் தடவினால், மாவு ஊற்றுவதற்குள் பக்கவாட்டில் வழிந்து அடியில் தேங்கிவிடும். பக்கங்களில் கேக் ஒட்டும், அடி பொரித்த மாதிரி ஆகும். வெண்ணெய் பக்கங்களில் நிற்கும். ஆனால் வெண்ணெயில் 16 சதவீதம்வரை தண்ணீரும் கொஞ்சம் பால் திடப்பொருளும் உண்டு. அந்தப் பால் பொருள்தான் சூட்டில் பழுப்பேறி டின்னோடு ஒட்டிக்கொள்வது. நெய்யில் இந்த இரண்டும் இல்லை. உறைந்த நெய்யை விரலால் தடவி, மைதா தூவி, டின்னைத் தலைகீழாகத் தட்டி மிச்சத்தை உதிர்த்துவிட்டால் கேக் சுத்தமாக விழும். சாக்லேட் கேக்குக்கு மைதாவுக்குப் பதில் கோகோ தூள். வெள்ளைத் திட்டு தெரியாது.

கோடை நாளில் நெய் உருகி ஓடும். அப்போது கைகொடுப்பது ஒரு கலவை. எண்ணெய், வனஸ்பதி, மைதா மூன்றையும் சம அளவு எடுத்து அடித்துக் குழைத்தால் வெள்ளைப் பசை கிடைக்கும். பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். பிரஷ்ஷால் மடிப்பு மடிப்பான டின்னில்கூடப் பூசலாம், மாவு மூலைக்குப் போகவில்லையே என்ற கவலை இல்லை. வனஸ்பதி வேண்டாம் என்பவர்கள் நெய் போட்டுச் செய்யலாம், அதுவும் நன்றாகவே வரும்.

எண்ணெயே தடவக் கூடாத டின்னும் உண்டு. ஷிஃபான் கேக்குக்கு டின் வறண்டு இருக்க வேண்டும். முட்டை வெள்ளையை அடித்துச் சேர்த்த அந்த மாவு, சுவரைப் பிடித்து ஏறித்தான் எழும்பும். எண்ணெய் இருந்தால் வழுக்கி அமுங்கிவிடும். நெய் பிஸ்கட்டுக்கும் தட்டில் எதுவும் தடவ வேண்டியதில்லை, உள்ளே இருக்கும் நெய்யே போதும். தடவினால் பிஸ்கட் பரவித் தட்டையாகும். பன்னுக்கும் பிரெட்டுக்கும் மட்டும் நான் கடலையெண்ணெய் தடவுகிறேன். வெளிப்பக்கம் லேசாகப் பொரிந்து வரும் அந்த மணம் வேறு எதிலும் வராது.

குழிப்பணியாரக் கல்லைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அதில் இரண்டு எண்ணெயும் ஒரே இடத்தில் விழுகிறது. எண்ணெய் தொட்ட துணியால் ஒவ்வொரு குழியையும் துடைத்தெடுத்தபின், குழிக்குக் கால் டீஸ்பூன் எண்ணெய். மாவு விழுந்ததும் எண்ணெய் சுற்றிலும் ஏறி விளிம்பில் குமிழியிட வேண்டும்; இல்லையென்றால் கல் இன்னும் காயவில்லை. இனிப்புப் பணியாரத்தில் வெல்லம் இருப்பதால் தீ சிறியதாக இருக்கட்டும், எண்ணெய் ஒரு சொட்டு கூடுதலாக இருக்கட்டும். நடுக்குழியில்தான் சூடு அதிகம். ஓரக் குழிகளில் முதலில் மாவை ஊற்றிவிட்டு நடுக்குழிக்குக் கடைசியாக வந்தால், எல்லாம் ஒரே நேரத்தில் திருப்பும் பதத்துக்கு வரும்.