கவுன்சிலிங் பணம் காப்பீட்டில் திரும்ப வரும் என்றார்கள்: 24,000 போய்விட்டது

இன்று மதியம் கடைசியாக ஒரு தடவை அந்த இடத்துக்குப் போய்விட்டு வந்தேன். சென்டரை மூடிவிட்டு ஓடிப்போய்விட்டார்கள் என்றால்கூட மனசு ஆறியிருக்கும். ஏசி ஓடுகிறது, ஆட்கள் இருக்கிறார்கள், புதிதாக ஒரு குடும்பம் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறது. அவர்கள் கையிலும் அதே முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. அதைப் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. அதனால்தான் ராத்திரியே எழுதுகிறேன்.

பெயர் போடவில்லை. போட்டால் நம் மேலேயே கேஸ் போடுவார்கள் என்று மச்சினன் பயப்படுகிறான். திருப்பூரில் மாடியில் நடக்கும் ஒரு தனியார் கவுன்சிலிங் சென்டர், அவ்வளவு போதும்.

என் வீட்டுக்காரர் தறி ஓட்டியவர். போன வருஷம் பெல்ட்டில் கை சிக்கி இரண்டு விரல் போயிற்று. கை ஆறிவிட்டது, ஆள் ஆறவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு அலறி எழுந்திருப்பார். பக்கத்துக் குடோனில் தறிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு உள்ரூமுக்குப் போய்விடுவார். யாரோ சொல்லித்தான் அந்த சென்டருக்குக் கூட்டிப்போனேன்.

நான் ஏமாந்த இடத்தைச் சொல்கிறேன். முன்மேஜைப் பையன் என் அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்தான். கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினான். "உங்க அட்டை ஆக்டிவ்ல இருக்குதுங்க்கா, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம்" என்றான். 5 லட்சம் என்பது உண்மைதானே. எங்கள் வீட்டு ஆட்கள் பெயரையும் வரிசையாகப் படித்தான். அட்டையைக் கையில் வாங்கிப் பெயர் படிக்கிறவனை எப்படிச் சந்தேகப்படுவது? 12 தடவை கவுன்சிலிங், தடவைக்கு 2,000, மொத்தம் 24,000. "முதல்ல நீங்க கட்டிருங்க, 45 நாள்ல உங்க அக்கவுண்டுக்கே வந்துரும்." நான் தயங்கினதும் உள்ளேயிருந்து ஒரு மேடம் வந்து உட்கார்ந்தார். 2017-லேயே சட்டம் வந்துவிட்டது, மனநோயையும் உடல் நோயையும் காப்பீட்டில் ஒரே மாதிரிதான் பார்க்க வேண்டும் என்று அழகாக எடுத்துச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். வீட்டுக்காரரிடம் "இனி நாங்க பாத்துக்கறோம்ங்க" என்றார். ஒரு வருஷமாக எனக்கு யாரும் சொல்லாத வார்த்தை அது.

மகள் கம்மலை அடகு வைத்தது 15,000. சீட்டு எடுத்தது 9,000. மறுநாளே கட்டிவிட்டேன்.

நடந்தது ஐந்து தடவை. கண்ணை மூடச் சொல்லி போனில் கடல் சத்தம் போடுவார்களாம். கடலை வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பார்த்த மனுஷனுக்குக் கடல் சத்தம்! ஆறாவது தடவைக்கு மேடம் லீவு. ஏழாவதுக்கும் லீவு.

45 நாள் முடிந்து கேட்டால் சர்வர் வேலை செய்யவில்லை என்றார்கள். அடுத்த வாரம் ஆதார் இணையவில்லை. அப்புறம் பொங்கல் லீவு. அப்புறம் "அது ஹெட் ஆபீஸ்ல நிக்குதுங்க்கா". இன்றைக்கு, அந்த முன்மேஜைப் பையன் வேலையை விட்டு நின்றுவிட்டானாம், அவன் என்ன சொன்னான் என்று இவர்களுக்குத் தெரியாதாம். 24,000 வாங்கினது அவன் பாக்கெட்டுக்கா? ரசீதை இன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். கவுன்சிலிங் என்றோ சிகிச்சை என்றோ ஒரு வார்த்தை இல்லை. "நல்வாழ்வுப் பயிற்சி வகுப்பு" என்று இருக்கிறது. அடியில் பொடி எழுத்தில், கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது.

காப்பீட்டுத் திட்டத்தின் இலவச எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் பாவம், பொறுமையாகச் சொன்னார். திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில், குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கும் சில பரிசோதனைகளுக்கும் மட்டும்தான் அட்டை செல்லும். பணத்தை ஆஸ்பத்திரிக்கே நேராகக் கொடுப்பார்களாம். நாம் கட்டிவிட்டு நம் அக்கவுண்டில் வாங்குகிற பேச்சே கிடையாது. இந்த ஒரு விஷயம் முன்னாடியே தெரிந்திருந்தால் அந்தப் படியே ஏறியிருக்க மாட்டேன்.

மேடம் சொன்ன சட்டம் பொய் இல்லை, அதுதான் வயிறு எரிகிறது. மச்சினன் தேடிப் பார்த்துச் சொன்னான். உடம்புக்குத் தருவது போலவே மனசுக்கும் தர வேண்டும் என்றுதான் சட்டம் இருக்கிறது. ஆனால் காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால் அந்த 300 ரூபாயை எந்தக் காப்பீடு தருகிறது? அட்மிட் ஆனால்தானே. தனியார் பாலிசிகளிலும் பெரும்பாலும் இதே கதைதான். பாதி உண்மையைச் சொல்லியே 24,000 வாங்கிவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், திட்டினாலும் பரவாயில்லை. நான் பனியன் கம்பெனியில் செக்கிங். என் சம்பளத்தில் நூறு ரூபாய்க்கு 75 காசு இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள். அதில் அட்மிட் ஆகாமலே டாக்டரைப் பார்க்கலாம், வீட்டுக்காரரையும் சேர்த்துக் காட்டலாம். எனக்குக் காய்ச்சல் வந்தால் போகிற இடம் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். மனநல டாக்டருக்கும் எழுதிக் கொடுப்பார்கள் என்று பக்கத்து டேபிள் அக்கா சொல்லித்தான் தெரியும்.

எப்படி எச்சரிக்கையாக இருப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மணி பன்னிரண்டு ஆகிறது, காலையில் ஷிஃப்ட். அட்டையை வைத்துக்கொண்டு முதலில் பணம் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மருத்துவ உளவியலாளர் என்று போர்டு இருந்தால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள், நான் கேட்டதற்கு "அதெல்லாம் உள்ளே இருக்கு" என்றார்கள். அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கிடையாது. அவசரம் என்றால் 14416, அரசு மனநல உதவி எண், ராத்திரியிலும் தமிழில் பேசுவார்கள், இலவசம். ரசீதைக் கட்டும்போதே படியுங்கள். நுகர்வோர் புகாருக்கு 1915, நான் நாளைக்குத்தான் போட வேண்டும்.

மதியம் அந்தக் குடும்பம் இறங்கி வரும் வரை கீழே டீக்கடையில் நின்றேன். அந்த அம்மாவிடம் எவ்வளவு கேட்டார்கள் என்றேன். "24,000ங்க. பாதி கட்டிட்டோம், மீதிக்குத்தான் அலையறோம்" என்றார். கட்டாதீங்க, என் பணம் வரவே இல்லை என்று ரசீதை எடுத்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "உங்க அட்டையில ஏதாச்சும் பிரச்சனை இருக்குமுங்க. எங்களுது ஆக்டிவ்ல இருக்குதுன்னு கம்ப்யூட்டர்ல பாத்துச் சொன்னாங்க."