மதர்போர்டு மாறியது, எழுத்து போனது: ஒரு தமிழ் டிடிபி மென்பொருளோடு ஆறு ஆண்டுகள்

பாலக்கோட்டில் டிடிபி கடை போடப்போகும் நண்பர் போன வாரம் கூப்பிட்டார். "அண்ணா, நீங்க வெச்சிருக்கிற தமிழ் சாஃப்ட்வேரையே வாங்கிடட்டுமா? ஆவணி முகூர்த்தத்துக்குள்ள கடை திறக்கணும்" என்றார். சட்டென்று "வாங்கிடுப்பா" என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் என்று அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

தருமபுரியில் என் கடையில் 2019 முதல் இதைப் பயன்படுத்துகிறேன். எழுத்துருக்களைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கல்யாணப் பத்திரிகையின் தலையில் போடும் 'ஸ்ரீ' மட்டுமே எட்டு விதம் இருக்கிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் வளைவு உடையாது. பத்திரிகையை வடிவமைக்கும் மென்பொருளான கோரல்டிராவோடு ஒருநாளும் சண்டை போட்டதில்லை.

என் கவலை உரிமத்தை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது பற்றியது. 2023-இல் மேசைக் கணினியிலிருந்து லேப்டாப்புக்கு ஒருமுறை மாற்றினேன். பழையதில் உரிமத்தை விடுவிக்கும் பட்டனை அழுத்தினேன், புதியதில் அதே உரிம எண்ணை அடித்தேன், அவ்வளவுதான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அப்புறம் மறுபடி மேசைக் கணினிக்கே கொண்டுவந்ததும் அப்படித்தான். அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன்.

போன தை மாதம் மின்சாரம் வந்து வந்து போன ஒரு மாலையில் மேசைக் கணினி நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்த சர்வீஸ்காரர், மேலே உப்பியிருந்த இரண்டு கெப்பாசிட்டரைக் காட்டி, "போர்டு போச்சு" என்றார். கணினிச் சாமான் விற்கும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலிருந்து வேறு மதர்போர்டு (கணினியின் முக்கியப் பலகை) வரவழைத்து மாட்டினோம். ஹார்டு டிஸ்க் பழையதுதான், கோப்புகள் எல்லாம் பத்திரம். நிம்மதியாக மென்பொருளைத் திறந்தால், 'இந்தக் கணினிக்கு உரிமம் இல்லை' என்று வருகிறது. மதர்போர்டு, நெட்வொர்க் கார்டு, ஹார்டு டிஸ்க் ஆகியவற்றின் எண்களைச் சேர்த்துத்தான் இந்த வகை மென்பொருள் கணினியை அடையாளம் காண்கிறது. போர்டு மாறினால் அதன் கணக்கில் அது வேறு கணினி. உரிமம் இன்னும் பழைய கணினியின் பெயரில் நிற்கிறது, முதலில் அங்கே போய் விடுவிக்க வேண்டும். எரிந்துபோன போர்டில் எந்தப் பட்டனைப் போய் அழுத்துவது?

அன்றைக்குக் கடையில் பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மகளுக்குக் கல்யாணம், முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள். புரூஃப் பார்த்ததில் தாய்மாமன் பெயர் விடுபட்டிருந்தது. அதை விட்டுவிட்டு அச்சடித்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எழுத்துரு கணினியில் இருக்கிறது, பழைய பத்திரிகைகளும் திறக்கின்றன. ஆனால் அந்த நிறுவனத்தின் எழுத்துருவுக்கு அதற்கே உரிய குறியீடு. அவர்களுடைய விசைப்பலகை இல்லாமல் ஓர் எழுத்து அடிக்க முடியாது. அதனால் பழைய கோப்புகளைத் திறந்து ஒவ்வோர் எழுத்தாக எடுத்து ஒட்டினேன். 'மு' ஒரு மஞ்சள் நீராட்டு விழாவிலிருந்து வந்தது, 'னி' ஒரு கிரகப்பிரவேசத்திலிருந்து. 'ப்' முதலில் கிடைத்தது ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரில். ஒட்டியும்விட்டேன், மனசு கேட்கவில்லை. அழித்துவிட்டு, ஒரு கல்யாணப் பத்திரிகையைத் தேடி அதிலிருந்து எடுத்துப் போட்டேன். ஒரு பெயருக்கு முக்கால் மணி நேரம்.

அது சனிக்கிழமை சாயங்காலம். உதவி எண்ணில் திங்கட்கிழமைதான் ஆள் கிடைத்தது. பேசிய பெண் பொறுமையானவர், அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மென்பொருள் வாங்கிய ரசீது, புது போர்டின் பில் இரண்டையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். செவ்வாய் மதியம் உரிமம் திரும்பி வந்தது, பணம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் தை மாத முகூர்த்த நேரத்தில் மூன்று நாள் கை கட்டி உட்கார்ந்திருந்தேனே, அதற்கு யாரைக் கேட்பது?

விண்டோஸும் புது போர்டைப் பார்த்ததும் ஆக்டிவேட் செய்யச் சொன்னது. என்னுடையது தனியாக வாங்கிய ரீட்டெயில் உரிமம், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முன்பே இணைத்து வைத்திருந்தேன். விண்டோஸிலேயே இருக்கும் ட்ரபிள்ஷூட்டரில் (சிக்கல் தீர்க்கும் பகுதி) வன்பொருளை மாற்றியதாகச் சொல்லி, கணக்கில் நுழைந்து, பட்டியலில் என் கணினியைத் தேர்ந்ததும் வேலை முடிந்தது. (கணினியோடு சேர்ந்து வரும் ஓஇஎம் உரிமத்தை வேறு கணினிக்குக் கொண்டுபோக முடியாது. புதிதாக வாங்குகிறவர்கள் எந்த உரிமம் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.) போர்டு செத்தாலும் நான்தான் உரிமையாளர் என்று யாரையும் கூப்பிடாமல் நாமே நிரூபிக்க அங்கே ஒரு வழி இருக்கிறது. இந்த மென்பொருளில் அது இல்லை.

இதே நிறுவனத்தின் பழைய பதிப்பு லாக்கோடு வந்தது. லாக் என்றால் கட்டைவிரல் நீளத்துக்கு, கணினியில் செருகும் ஒரு டாங்கிள்; உரிமமே அதில்தான் இருக்கும். எந்தக் கணினியில் செருகினாலும் வேலை செய்யும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஏன் நிறுத்தினார்கள் என்பதும் எனக்குத் தெரியும். லாக்கை உடைத்துத் திருட்டுப் பிரதி போடாத ஊர் இல்லை. தமிழ் எழுத்துரு செய்கிறவர்கள் வயிற்றில் அடித்த வேலை அது, அவர்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அந்தச் சுமையை ரசீதோடு வாங்கியவன் தலையில் ஏன் இறக்க வேண்டும்? பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முறையாக வாங்கியவர் மென்பொருளுக்குக் காப்புப் பிரதி வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. அழிந்தாலோ சேதமானாலோ உதவட்டும் என்றுதான். என்னிடமும் பிரதி இருந்தது. சாவி அவர்கள் சர்வரில் இருக்கும்போது பிரதியை வைத்து என்ன செய்ய?

அதற்கப்புறம் பரணில் கிடந்த விண்டோஸ் 7 கணினியை இறக்கித் துடைத்து, பழைய பதிப்பையும் லாக்கையும் போட்டு வைத்திருக்கிறேன். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலேயே ஆதரவு நின்றுவிட்டதால் இணைய இணைப்பு கொடுப்பதில்லை. இப்போதெல்லாம் கணினி கொஞ்சம் முனகினாலும் முதலில் உரிமத்தை விடுவித்துவிட்டுத்தான் சர்வீஸுக்குக் கொடுக்கிறேன்.

நட்சத்திரம் போடச் சொன்னால் ஐந்துக்கு நாலரை போடுவேன். ஆனாலும் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஒரே கணினியை நம்பிக் கடை திறக்கிறவர் அவர், முதல் முகூர்த்தத்திலேயே மூன்று நாள் போனால் தாங்காது. "சரிண்ணா, அப்போ பத்திரிகைக்கு எந்த எழுத்து போடறது?" என்று கேட்டார். இரண்டு பெயர் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கடைக்கே வந்து மாதிரிகளைப் புரட்டிப் பார்த்தவர், இந்த மென்பொருளின் 'ஸ்ரீ' இருந்த அட்டையைத்தான் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.