ஆயில் குடித்த டர்போ இன்ஜின்: 4 வருடம், 62,000 கிலோமீட்டர் அனுபவம்

என் கார் 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல், பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன். வாங்கி 4 வருடம், 62,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. இழுவை, பிரேக், ஸ்டியரிங் எதிலும் குறை சொல்ல மாட்டேன். ஆயில்தான் என்னைப் படுத்தி எடுத்தது, அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் 30,000 வரை ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் நடுவே ஆயில் ஊற்றியதே இல்லை. அப்புறம் மெல்லக் குறைய ஆரம்பித்து, 45,000 தாண்டியதும் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒரு லிட்டர் ஊற்றினேன், 1,400 கிலோமீட்டரில் மறுபடியும் எரிந்தது. சர்வீஸில் கேட்டால், 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை போகலாம், இந்த மாதிரி வண்டிகளுக்கு இது சாதாரணம் என்றார்கள். சில நிறுவனங்களின் கையேட்டில் அப்படி ஒரு வரம்பு இருப்பது உண்மைதான். ஆனால் அத்தனை நாள் குடிக்காத இன்ஜின் இப்போது ஏன் குடிக்கிறது என்ற கேள்விக்கு அது பதில் இல்லையே. வேறொரு ஒர்க்‌ஷாப்பில் இன்னும் மேலே போய், பிஸ்டன் ரிங் போயிருக்கும், இன்ஜினை இறக்க வேண்டும் என்றார்கள், அதுவும் எதையும் சோதித்துப் பார்க்காமலேயே.

அன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். சமதரையில் நிறுத்தி, சூடான இன்ஜினை அணைத்து, 10 நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு பார்ப்பேன், ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே முறை. குறுகிய தூரமே ஓட்டிய வாரங்களில் அளவு குறையாதது போலத் தெரியும், அதை நம்பாதீர்கள், இன்ஜின் முழுதாகச் சூடாகாததால் பெட்ரோல் கொஞ்சம் ஆயிலில் இறங்கி அளவை நிரப்பிக் காட்டும்.

நீலப் புகை வரவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வந்தால் வால்வு சீல் மேல் சந்தேகம், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது வந்தால் ரிங் மேல் சந்தேகம் என்பார்கள், இரண்டுமே இல்லை. ஆனால் ஐடிலிங்கில் மெல்லிய விசில் போல ஒரு சத்தம் இருந்தது. டர்போ வண்டிதானே என்று மாதக்கணக்கில் அதை விட்டுவிட்டேன். ஒருநாள் இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறக்கப் பார்த்தேன், உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. சிரமப்பட்டுத் திறந்ததும் விசில் சட்டென்று நின்றது.

காரணம் பிசிவி வால்வுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு. இன்ஜினுக்குள் சேரும் ஆவியை, காற்று உள்ளே போகும் வழியான இன்டேக்குக்கு அளவாகத் திருப்பி அனுப்புவதுதான் இந்த வால்வின் வேலை. சவ்வு கிழிந்தால் இன்டேக்கின் உறிஞ்சல் கட்டுப்பாடில்லாமல் இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸுக்குள் போய், ஆயில் ஆவியை இழுத்து எரியவிடும், வெளிக்காற்று அந்தக் கிழிசல் வழியே நுழையும்போது விசிலடிக்கும். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் இன்டேக் வால்வு மேல் பெட்ரோல் படாது என்பதால் அந்த ஆயில் அங்கேயே கரியாகப் படியும், ஆகவே இதைத் தள்ளிப்போடவும் கூடாது. பிசிவியை மாற்றிய வேலை ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு 9,000 கிலோமீட்டருக்கு மொத்தமே ஒன்றரை லிட்டர்தான் ஊற்றியிருக்கிறேன்.

மற்ற சத்தங்களில் பானெட்டைத் திறந்தால் கேட்கும் 'டிக் டிக்' இன்ஜெக்டருடையது, அதில் பயமில்லை. வேகம் கூடும்போது இன்ஜினின் அடியிலிருந்து கனமாகத் தட்டும் சத்தம் வந்தால் அங்கேயே அணைத்து டோ செய்யுங்கள், அது பேரிங்காக இருக்கலாம். என் வண்டியில் இப்போது மீதி இருப்பது, இரண்டு நாள் நின்ற பிறகு ஸ்டார்ட் செய்தால் இரண்டு விநாடி வரும் கடகட சத்தம். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரில் ஆயில் பிரஷர் ஏறும்வரை செயின் தளர்ந்து அடிக்கிறது. டென்ஷனர் மாற்ற அடுத்த வாரம் வண்டியை விடுகிறேன், மாற்றிய பிறகு சத்தம் நின்றதா என்று இங்கேயே எழுதுகிறேன்.