ஏ லெவலுக்குப் பர்சரியுடன் தனியார் பாடசாலையா, கிராமர் பாடசாலையா?

எங்கள் மகள் லண்டன் ஹரோவில் ஓர் அரச பாடசாலையில், பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.ஈ பொதுத் தேர்வு வரை படித்தவள். ஏ லெவல் படிக்கும் கடைசி இரண்டு வருடங்களான சிக்ஸ்த் ஃபோர்முக்கு, ஒரு கிராமர் பாடசாலைக்கும் (திறமை பார்த்துப் பிள்ளைகளை எடுக்கும், கட்டணமில்லாத அரச பாடசாலை), தேர்வு வைத்து எடுக்கும் ஒரு தனியார் பாடசாலைக்கும் விண்ணப்பித்தாள். இரண்டிலும் இடம் கிடைத்தது. நாங்கள் தனியாரைத் தெரிவு செய்தோம். இன்றும் அதன் பக்கமே பேசுவேன். ஆனால் கட்டணத்தின் பெரும்பகுதியைப் பர்சரி என்ற பாடசாலையின் உதவிப் பணம் தாங்கியிராவிட்டால், யோசிக்காமல் கிராமருக்கே அனுப்பியிருப்போம்.

பெறுபேற்றை வைத்து இரண்டையும் தரம் பிரிக்க முயல வேண்டாம். ஹென்ரியேட்டா பார்னெட், டிஃபின் போன்ற கிராமர் பாடசாலைகளின் ஏ லெவல் பெறுபேறுகள் எந்தத் தனியார் பாடசாலைக்கும் முன்னால் தலைநிமிர்ந்து நிற்கும். தனியாரில் வகுப்புகள் சிறியவை, வசதிகள் அதிகம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஆளை எடுக்கும் முறையில் வித்தியாசம் பெரிது. இங்கிலாந்தின் அரச பாடசாலைகள் நேர்முகத் தேர்வு வைத்து இடம் கொடுக்க விதி இடம் தராது, ஜி.சி.எஸ்.ஈ தரங்கள்தான் பேசும். தனியாரில், ஜி.சி.எஸ்.ஈ எழுதும் பதினோராம் ஆண்டின் தொடக்கத்திலேயே பதிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் நவம்பரில், பாடசாலையின் மாதிரித் தேர்வுகள் நெருங்கும் நேரத்திலேயே, படிக்க விரும்பும் பாடங்களில் எழுத்துத் தேர்வு வரும், பிறகு நேர்முகம். மகளிடம் கணித ஆசிரியர் ஒரு சமன்பாட்டைக் கொடுத்து, வரைபடத்தைக் கீறிக்கொண்டே யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னாராம். பாதியில் பிழை என்று தெரிந்ததும் அவளே வெட்டிவிட்டுத் திரும்பக் கீறினாள். ஆசிரியர் குறுக்கிடாமல் காத்திருந்தார். வெளியே வந்தவளின் முகத்தைப் பார்த்தபோது, இப்படிப்பட்டவர்களிடம் இவள் படிக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

இனிக் காசு. முடிவைத் தீர்மானித்தது இதுதான். லண்டனின் பெயர்பெற்ற பாடசாலைகளில் விடுதி இல்லாமலே வருடத்துக்கு 30,000 பவுண்களைத் தாண்டும் கட்டணம் சாதாரணமாகிவிட்டது. 2025 ஜனவரி முதல் இருபது வீத வற் வரியும் உண்டு. பதினொரு வயதில் சேர்த்தால் ஏழு வருடங்கள் கட்ட வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு அது நினைத்தும் பார்க்க முடியாத தொகை. பதினாறு வயதில் சேர்த்தால் இரண்டே வருடங்கள், ஆறு தவணைகள். சிக்ஸ்த் ஃபோர்மில் தனியார் பாடசாலையைப் பற்றி நாங்கள் துணிந்து யோசித்ததே அதனால்தான்.

ஸ்கொலர்ஷிப் என்ற சொல்லில் மயங்க வேண்டாம். அது திறமைக்கான கௌரவம்; பல இடங்களில் கட்டணத்தில் சிறு பங்கைத்தான் குறைக்கும். குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் பர்சரிதான் சுமையை இறக்கும். சில பாடசாலைகளில் முழுக் கட்டணத்தையும் ஏற்கும். அதற்கான படிவம் நம் வீட்டு அலுமாரியை முழுவதும் திறந்து காட்டச் சொல்லும். சம்பளச் சீட்டு, வீட்டுக் கடன், சேமிப்பு, வெளிநாட்டுச் சொத்து எல்லாம் எழுத வேண்டும். கொக்குவிலில் என் பெயரில் உள்ள சீதனக் காணியையும் எழுதினேன். வங்கிக் கூற்றில் மாதாமாதம் போன சீட்டுக் காசு என்னவென்று கேட்டார்கள். சீட்டு எப்படி நடக்கிறது, எங்கள் முறை எப்போது வரும் என்று ஒரு பக்கத்தில் விளக்கிக் கொடுத்தோம், ஏற்றுக்கொண்டார்கள். ஊருக்கு அனுப்பும் பணத்தை அவசியச் செலவாக எல்லா இடங்களிலும் கருதுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். எதையும் மறைக்கவும் வேண்டாம். வீட்டுக்கு ஆள் வந்து பார்ப்பதும் உண்டு, ஒவ்வொரு வருடமும் திரும்ப மதிப்பிடுவதும் உண்டு. சம்பளம் கூடினால் உதவி குறையலாம் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

பல்கலைக்கழக அனுமதியில் தனியாருக்கு மாறியது பாதகமாகுமா என்று பலர் கேட்கிறார்கள். சில பல்கலைக்கழகங்கள் ஜி.சி.எஸ்.ஈ எழுதிய பாடசாலையைக் கவனிக்கின்றன, சில ஏ லெவல் பாடசாலையை. பிள்ளை விரும்பும் துறையின் விதியைத் தனியாகப் பார்ப்பதே சரி. எங்களுக்கு ஒரு பிள்ளையின் அனுபவம்தான், அதை வைத்துப் பொதுவாகச் சொல்ல மாட்டேன்.

பர்சரி பாதிக் கட்டணத்துக்குக் குறைவாக வந்தால் கிராமரே நல்லது. அங்கே வைப்புப் பணம் இல்லை, விண்ணப்பக் கட்டணமும் இல்லை. ஆகஸ்ட் பெறுபேறு வரை அந்த இடத்தை விடாமல் வைத்திருக்கலாம். தனியார் இடத்தை ஏற்றுக் கையெழுத்திட்ட பிறகு மனம் மாறினால் ஒரு தவணைக் கட்டணத்தைக் கேட்கும் ஒப்பந்தங்கள் உண்டு. ஆகவே பர்சரித் தொகையை எழுத்தில் வாங்கும் வரை கையெழுத்திட வேண்டாம். பர்சரிப் படிவத்தையும் இடம் கிடைத்த பிறகு பார்க்கலாம் என்று விட முடியாது. பல பாடசாலைகளில் அதற்கான கடைசித் திகதி, தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும்.