ஆயில் சம்ப் கேஸ்கெட்: கார்க், ரப்பர், சிலிக்கான் மூன்றும் நீண்ட ஓட்டத்தில் எப்படி?

இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டிதான் சம்ப்; அதற்கும் மேலே இருக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் கசிவை அடைப்பது கேஸ்கெட். அதை மாற்றிய வேலை சரியா தப்பா என்பது அன்றைக்கே தெரியாது. இரண்டு மூன்று ஆயில் சர்வீஸ் தாண்டிய பிறகும் சம்ப் விளிம்பு காய்ந்து கிடந்தால் வேலை சுத்தம். தூசி அப்பிய பிசுக்கு சுற்றிவர ஏறியிருந்தால் எங்கோ கோட்டை விட்டிருக்கிறது. கேஸ்கெட்டின் பிராண்டை விட, அது உட்காரும் பரப்பும் போல்ட்டின் முறுக்கும்தான் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

முதலில் கசிவு சம்பிலிருந்துதானா என்று உறுதி செய்ய வேண்டும். எண்ணெய் மேலிருந்து வழிந்து சம்ப் விளிம்பில் வந்து சொட்டும் இயல்புடையது. டேப்பெட் கவர், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஃபில்டர் ஹவுசிங், கிராங்க் ஆயில் சீல் எல்லாமே ஒரே இடத்தில் சொட்டு காட்டும். இன்ஜினைக் கழுவித் துடைத்து, கொஞ்சம் ஓட்டிவிட்டு, ஈரம் எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் அப்போதே சோதியுங்கள். அது அடைத்திருந்தால் கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறி, எவ்வளவு நல்ல கேஸ்கெட்டையும் தாண்டி எண்ணெயை வெளியே தள்ளும்.

இனி வகைகள். பழைய இன்ஜின்களின் தகட்டுச் சம்புக்கு வரும் கார்க், புதிதில் நன்றாக அடைக்கும். ஆனால் சூடு ஏறி இறங்க இறங்க அமுங்கிக் காய்ந்து, போல்ட்டின் பிடி தளரும். ஈரம் தெரிந்ததும் எல்லோரும் செய்வது இன்னும் கொஞ்சம் முறுக்குவது. அங்கேதான் கெடுகிறது: கார்க் பிதுங்கிக் கிழியும், போல்ட் துளையைச் சுற்றித் தகடு குழியும். பிறகு இரண்டு போல்ட்டுக்கு நடுவில் அழுத்தமே இருக்காது; கசிவு அந்த இடைவெளியில் வரும். சம்பைக் கழற்றியதும் விளிம்பில் நேர்ஸ்கேல் வைத்துப் பாருங்கள். குழிந்த துளைகளை மரக்கட்டை மேல் வைத்து மெல்லத் தட்டி நேராக்காமல் புதுக் கேஸ்கெட் போடுவது வீண்.

துளைகளில் இரும்பு புஷ் (சிறு குழல்) பதித்த வார்ப்பு ரப்பர் கேஸ்கெட் கிடைக்குமானால் கார்க்குக்குப் பதில் அதையே வாங்குவேன். புஷ் இரும்பில் இடித்ததும் முறுக்கு நின்றுவிடும், ரப்பர் அளவுக்கு மேல் நசுங்காது. இதைக் காய்ந்த நிலையில்தான் போட வேண்டும். முழுக்க சீலன்ட் பூசினால் வழுக்கி வெளியே பிதுங்கும். டைமிங் கவரும் பின் சீல் ஹவுசிங்கும் பிளாக்கோடு சேரும் மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு சிலிக்கான் போதும். அந்தப் பொட்டை விட்டுவிட்டால் கசிவு பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்கும்.

அலுமினியச் சம்ப் உள்ள பல இன்ஜின்களில் கேஸ்கெட்டே கிடையாது, ட்யூபில் வரும் ஆர்டிவி சிலிக்கான் பசை மட்டும்தான். ஒழுங்காகப் போட்டால் மூன்றில் நெடுநாள் தாங்குவது இதுதான். அவசரத்தை மட்டும் பொறுக்காது. 3 முதல் 5 மி.மீ. தடிமனில் விட்டுப்போகாத ஒரே கோடு, போல்ட் துளைகளின் உட்பக்கமாகச் செல்ல வேண்டும். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும்; உள்ளேயும் அதே அளவு பிதுங்கும். அது பிய்ந்து, பம்ப் எண்ணெய் உறிஞ்சும் வாயிலுள்ள ஸ்ட்ரெய்னர் வலையில் சிக்கினால் பம்புக்கு எண்ணெய் வராது, பேரிங் போய்விடும். அதனால் கூடுதலாகப் பூசுவது பாதுகாப்பு அல்ல. ட்யூபில் சொன்ன நிமிடங்களுக்குள் சம்பை ஏற்றிவிட வேண்டும். காற்றின் ஈரத்தில்தான் இது இறுகும். முழுதாக இறுக பலவற்றுக்கு 24 மணி நேரம் ஆகும். அதற்கு முன் அவசரப்பட்டு ஆயில் ஊற்றுவதுதான் இந்த வகை சீக்கிரம் தோற்பதற்குப் பெரிய காரணம்.

கழற்றும்போது வண்டி ஜாக் ஸ்டாண்டில் நிற்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. வெதுவெதுப்பான ஆயிலை வடித்துவிட்டு, ஆயில் லெவல் சென்சார் இருந்தால் கனெக்டரைப் பிடுங்குங்கள். சில வண்டிகளில் சைலன்சரின் முன் பைப்பையோ கிராஸ் மெம்பரையோ இறக்கினால்தான் இடம் கிடைக்கும். போல்ட்கள் நீளம் வேறுபடும். அட்டையில் சம்ப் வடிவம் வரைந்து அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். கியர்பாக்ஸ் பக்கம் ஒளிந்திருக்கும் போல்ட்டை விட்டுவிட்டு நெம்பினால் அலுமினியச் சம்ப் விரிசல் விடும். ஒட்டிக்கொண்டிருந்தால் நெம்புவதற்கென்றே விட்டிருக்கும் இடத்தில் மட்டும் நெம்புங்கள். ஸ்குரூ டிரைவர் விட்ட கீறல் ஒவ்வொன்றும் நாளைய கசிவு.

பழைய பசையை பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டி, பிரேக் கிளீனரால் துடையுங்கள். டிரில்லில் மாட்டும் தேய்ப்பு டிஸ்க் வேண்டாம். அதன் தூள் இன்ஜினுக்குள் போனால் பேரிங்கை அரித்துவிடும். பிளாக்கின் போல்ட் துளைகளில் தேங்கிய எண்ணெயையும் ஊதி வெளியேற்றுங்கள். அடி மூடிய துளையில் எண்ணெய் நின்றால் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவு பொய், பிளாக் விரிசல் விடவும் கூடும். ஸ்ட்ரெய்னரைக் கழுவி, அதிலிருந்து பம்புக்கு எண்ணெய் கொண்டுபோகும் பிக்கப் பைப்பின் ஓ-ரிங்கையும் மாற்றிவிடுங்கள். அது காற்றை இழுத்தால் பிரஷர் விழும், மறுபடி சம்பைக் கழற்ற வேண்டியிருக்கும்.

பூட்டும்போது எல்லா போல்ட்டையும் கையால் ஏற்றி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மாற்றி மாற்றி இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். 10 ஸ்பேனர் பிடிக்கும் எம்6 போல்ட்டுக்கு பொதுவாக 8 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான், மேனுவல் சொல்வதே இறுதி. அது கைக்கு மிகக் குறைவாகத் தோன்றும்; நீட்டுக் கைப்பிடி ராட்செட்டில் மனக்கணக்காக இறுக்கினால் அலுமினிய மரை வழுக்கிவிடும். கியர்பாக்ஸோடு சேரும் சம்பில், அதன் பின்முகம் பிளாக்கின் பின்முகத்தோடு ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று நேர்ஸ்கேலால் பார்த்த பிறகே இறுக்க வேண்டும். ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர். ஸ்டார்ட் செய்ததும் டாஷ்போர்டில் ஆயில் பிரஷர் விளக்கு சில நொடியில் அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அணைந்தால் சூடாகும்வரை ஓடவிட்டு, விளிம்பைச் சுற்றி வெள்ளைக் காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். சில நாள் ஓட்டிய பிறகு இன்னொரு முறை.