11,400 ரூபாய்க்கு வாங்கின எபாக்சிப் பூச்சு இன்னைக்கு வரைக்கும் காயல – பாண்டி, கடலூர் பக்கம் மரத்துல லூர் (தூண்டில்ல மாட்டுற பொம்மை மீன்) செய்றவங்க படிங்க

நேத்து சாயங்காலம் அந்தக் கடையிலேருந்து வெறுங்கையோட திரும்பினேன். ராத்திரி தூக்கம் வரல, அதான் எழுதுறேன். கடை பேரு போடல. பாண்டியில பெயிண்ட், பாலிஷ், கெமிக்கல் எல்லாம் கேன்ல அளந்து ஊத்திக் கொடுக்கிற சில்லறைக் கடை. போன பணம் 11,400 ரூபாய்.

நான் கடலூர் முதுநகர். அப்பா படகுத் தச்சர். அவரோட உளியை வெச்சுத்தான் குமிழ் மரத்துல கொடுவா மீனுக்கும் பாறை மீனுக்கும் லூர் செதுக்கிறேன். சென்னையில ஒருத்தர் 40 லூர் கேட்டு முன்பணமும் கொடுத்திருந்தார். ரெண்டு மாசம், வேலை முடிஞ்சு வந்து தினம் ராத்திரி உக்காந்து செஞ்சேன். வயித்துல ஈயம் வெச்சு, நடுவுல எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கம்பி ஓட்டி, வாளித் தண்ணியில ஒவ்வொண்ணா மிதக்க விட்டுச் சரிபார்த்தது.

மர லூர்ல தண்ணி பெரும்பாலும் கம்பி வெளியே வர்ற ஓட்டை வழியாத்தான் உள்ள போகும். மரம் ஊறி உப்பும், மேல இருக்கிற பெயிண்ட் வெடிக்கும், எடை மாறி லூர் ஒருபக்கமாச் சாஞ்சு நீந்தும். அதனால அந்த ஓட்டைக்குள்ளயும் சீலர் (தண்ணி புகாம அடைக்கிற பூச்சு) இறங்கணும், உப்புத்தாள் போடணும், பெயிண்ட் அடிக்கணும், அதுக்கு மேல ரெண்டு கோட் எபாக்சி, அதாவது ரெசினும் ஹார்டனரும் கலந்தா கெட்டியாகிற பூச்சு. வழியாம இருக்க, பழைய மைக்ரோவேவ் தட்டு மோட்டார்ல மாட்டி, நிமிஷத்துக்கு 5, 6 சுத்து சுத்த விடுவேன். வழக்கமா கம்பெனி சீல் போட்ட சின்ன டப்பாதான் வாங்குவேன். இந்தத் தடவை கைவசம் கொஞ்சம்தான் இருந்தது.

கடைக்காரர்கிட்ட ஒரு லூரைக் காட்டினேன். வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டை விரலால அதோட முதுகைத் தடவினார். "தம்பி, இது கைவேலையா? இதுக்குப் போய் டப்பா சரக்கு போடுவியா? படகுக்கு அடிக்கிற மெரைன் எபாக்சி இருக்கு, உப்புத் தண்ணியில பத்து வருஷம் நிக்கும்"னார். படகுன்னு சொன்னதும் அப்பா வேலை செஞ்ச கதையைச் சொன்னேன். டீ வரவழைச்சார். அந்த டீயிலதான் நான் விழுந்தேன். டிரம்மை உடைச்சா கொஞ்சமாத் தர முடியாது, 6 கிலோ செட்டா எடு, கிலோ 1,900-க்குப் போட்டுத் தர்றேன்னார். எனக்கு அரைக் கிலோ இருந்தாலே தாராளம். இருந்தாலும் அடுத்தடுத்த ஆர்டருக்கு ஆகும்னு நெனச்சு, அங்கேயே ஜிபேல 11,400 அனுப்பிட்டேன். லேபிள் இல்லாத வெள்ளை கேன் ரெண்டு. ஒரு துண்டுச் சீட்டுல "எபா. 6 கி – 11,400". அவ்வளவுதான் பில்.

அவர் சொன்னபடியே ரெசினையும் ஹார்டனரையும் எடைக்கு 2-க்கு 1, தராசுல வெச்சுக் கலந்தேன். மறுநாள் கையில ஒட்டிச்சு. மூணாவது நாளும் விரல் ரேகை பதிஞ்சுது. போன் பண்ணினேன். "வெயில்ல வை தம்பி"ன்னார். வெச்சேன். மரத்துக்குள்ள இருந்த காத்து சூட்டுல விரிஞ்சு வெளியே வந்து, 40 லூர் மேலயும் அம்மை போட்ட மாதிரி கொப்புளம். ஒண்ணை எடுத்து உப்புத் தண்ணியில போட்டுப் பார்த்தேன். விடியறதுக்குள்ள வெளுத்துப் போய், தோல் உரியற மாதிரி உரிஞ்சு வந்துது.

திரும்பக் கூப்பிட்டா, "மிக்சிங் தப்பு." அடுத்த தடவை, "கடல்காத்து சார், ஈரப்பதம்." தம்பி எப்ப சார் ஆனேன்னு கவனிங்க. அதுக்கப்புறம், "உங்க மரத்துல ஈரம்." இந்த ஒரு வார்த்தைதான் எனக்குத் தாங்கல. ஆறு மாசம் நிழல்ல காய்ஞ்ச மரம் அது.

அதனால ஒரு கண்ணாடித் துண்டுல அவர் சரக்கைக் கலந்து ஊத்தினேன். பக்கத்துலயே, என் பழைய டப்பாவுல மிச்சம் இருந்ததையும் கலந்து ஊத்தினேன். அதே அறை, அதே தராசு, அதே ராத்திரி. பழையது மறுநாள் நகத்தால கீறினாலும் விழல. அவரோடது ஆறு நாள் கழிச்சும் பாகு. கண்ணாடியில எங்கேருந்து ஈரம் வரும்? ஈரக் காத்துல எபாக்சி மேல எண்ணெய்ப் படலம் வரும், அது எனக்கும் தெரியும். சோப்புத் தண்ணியில கழுவினா அது போயிடும், அடியில கெட்டியாத்தான் இருக்கும். இது அடி வரைக்கும் பிசுபிசு.

கண்ணாடியோட நேர்ல போனேன். முதல் நாள், "முதலாளி சென்னை போயிருக்கார்"னு பையன் சொன்னான். அவர் வண்டி வாசல்லயே நிக்குது. ரெண்டாவது நாள், கம்பெனிக்கு போட்டோ அனுப்பியிருக்கேன்னார். எந்தக் கம்பெனின்னு கேட்டா பதில் இல்ல. வாட்ஸ்அப்ல பிளாக் பண்ணிட்டார். நேத்து, நாலு பேர் முன்னாடி, "பில் எங்க? பொம்மை மீனுக்கு இவ்வளவு ரகளையா?"ன்னார். அன்னைக்கு லூரோட முதுகைத் தடவின அதே ஆள்.

11,400 ரூபாய். என் ரெண்டு மாசத்தை இதுல சேர்க்கல. தின்னர் போட்டுத் துடைச்சா பெயிண்டும் கூடவே வந்துடுது. இதுவரைக்கும் 9 லூர்தான் தேறியிருக்கு.

எப்படி வாங்கணும்னு விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப முடியல. சுருக்கமாச் சொல்றேன். லேபிள், தயாரிச்ச தேதி, பேட்ச் நம்பர் இல்லாத ரெசினோ ஹார்டனரோ தொடாதீங்க. புதுசு எதுவா இருந்தாலும் முதல்ல 20 கிராம் கலந்து கண்ணாடியில ஊத்தி ரெண்டு நாள் பாருங்க. ஜிஎஸ்டி பில் வாங்காம பணம் அனுப்பாதீங்க. ஏமாந்திருந்தா நுகர்வோர் உதவி எண் 1915. நான் திங்கக்கிழமை கூப்பிடப் போறேன், ஜிபே ரசீது, துண்டுச் சீட்டு, கண்ணாடி மூணையும் எடுத்து வெச்சிருக்கேன். அதே கடையில கேன்ல வாங்கி ஏமாந்தவங்க வேற யாராவது இருந்தா எனக்கு எழுதுங்க, சேர்ந்து புகார் கொடுக்கலாம்.

மீதி 31-ஐயும் சுரண்டணும். அதுக்கு முன்னாடி சென்னைக்காரருக்கு போன் பண்ணி, முன்பணத்தைத் திருப்பி அனுப்பறேன்னு சொல்லணும்.